கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி: ஓர் ஒத்திகை விருந்துக்கு இடம் பார்த்த விவரம்

அக்கா மகனுக்கு ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை நியூ ஜெர்சியில், பிரின்ஸ்டனில் கல்யாணம். பெண்ணுக்குச் சொந்த ஊர் பென்சில்வேனியாவின் அல்டூனா. இரண்டு பேருக்கும் வேலை பிரின்ஸ்டன் பக்கம் என்பதால் கல்யாணமும் அங்கேயே. காலையில் நம் முறைப்படி தாலி கட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு சர்ச்.

சர்ச் கல்யாணம் என்றால் முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை உண்டு. யாருக்குப் பின்னால் யார் நடந்து வருவது, மோதிரம் யார் கையில், எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று போதகர் ஒரு தடவை நடத்திப் பார்ப்பார். அது முடிந்த கையோடு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் ரிஹர்சல் டின்னர். அமெரிக்க வழக்கப்படி கல்யாணச் செலவு பெண் வீட்டாருடையது, இந்த ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் மாப்பிள்ளை வீட்டாருடையது. இந்தக் காலத்தில் மற்ற செலவுகளைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆனாலும் இந்த விருந்து இன்னும் பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டார் கையில்தான் இருக்கிறது.

தாய்மாமன் என்ற முறையில் இடம் பார்க்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. கலப்புக் கல்யாணம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைப் பற்றி அடிக்கடி கேட்பதால் கணக்கு வழக்கோடு எழுதி வைக்கிறேன்.

யாருக்குச் சாப்பாடு

அமெரிக்கர்களின் பட்டியல் தெளிவானது: பெண், மாப்பிள்ளை, இரு பக்கப் பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள், தோழன் தோழிகளும் அவர்களின் துணைகளும், போதகரும் அவர் மனைவியும். பூத்தூவும் குழந்தை, மோதிரம் கொண்டுவரும் பையன் இருந்தால் அவர்களின் அப்பா அம்மாவும் உண்டு. இதற்கு மேல் ஒரு வரி சேர்த்துச் சொல்வார்கள்: வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களையும் கூப்பிடுவது மரியாதை. அந்த ஒரு வரியில்தான் எங்கள் பாடு சிக்கலானது. சென்னை, மதுரை, திருச்சி, சிங்கப்பூர், கலிபோர்னியா என்று பார்த்தால் எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் வெளியூர்தான். அக்கா எழுதிய பட்டியல் 118-ல் வந்து நின்றது.

"அங்கேருந்து ஒரு நாள் முழுக்கப் பறந்து வந்தவங்கள ஹோட்டல்ல உக்கார வெச்சிட்டு நாம மட்டும் போய் சாப்பிட்டா நல்லாவாடா இருக்கும்?" என்றாள். நியாயமான கேள்விதான்.

பெண்ணின் அம்மா போனில் மிகப் பதவிசாக, "ஒரு நாற்பது பேர் என்றால் எல்லோரும் ஒருவரோடொருவர் பேசலாம்" என்று மட்டும் சொன்னார். அதற்குள் இருந்ததைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. மறுநாள் ரிசப்ஷனுக்கே 180 பேர். முந்தின நாள் நாங்கள் 118 பேருக்கு இலை போட்டால் அவர்கள் செலவழித்து நடத்தும் விருந்து இரண்டாம் பந்தி மாதிரி ஆகிவிடும். மாப்பிள்ளை வீட்டு விருந்து கல்யாண விருந்தை முந்தக் கூடாது என்பது இங்கே எழுதாத விதி. நம் பக்கம் பழக்கம் நேர் எதிர். சம்பந்தி முன்னால் கை சுருக்கினால்தான் நமக்கு அவமானம்.

நான் இன்னொரு பக்கத்திலிருந்து யோசித்தேன். இந்தச் சாப்பாட்டில் நடக்கிற காரியம் என்ன? பேச்சு. கல்யாண நாளில் தோழனும் தோழியும் ஆளுக்கு நான்கு நிமிஷம் பேசுவார்கள், அதற்குள் டிஜே பாட்டைப் போட்டுவிடுவார். பெண்ணின் தாத்தாவோ, மாப்பிள்ளையின் பெரியப்பாவோ, கல்லூரி அறைத்தோழனோ எழுந்து நாலு வார்த்தை சொல்ல வாய்ப்பு இருப்பது முந்தின ராத்திரி மட்டும்தான். அல்டூனா குடும்பமும் திருச்சி குடும்பமும் ஒன்றையொன்று காது கொடுத்துக் கேட்கப் போவது இந்த இரண்டு மணி நேரம். அப்படியென்றால் மைக் இல்லாமல் ஒருவர் குரல் மூலை வரைக்கும் போகிற அறை வேண்டும். அந்த அறை எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை பேர். ஹாலைப் பிடித்துவிட்டு ஆட்களை நிரப்புவது என்ற நம் வழக்கமான வரிசையை இங்கே திருப்பிப் போட வேண்டியிருந்தது.

அவசியமானவர்களை மட்டும் எண்ணினால் 38. ஊரிலிருந்து வந்த மூத்தவர்கள் ஆறு பேரைச் சேர்த்தால் 44. மீதி 74 பேருக்கு அதே ராத்திரி எட்டரை மணிக்கு, எல்லோரும் தங்கியிருந்த, ரூட் ஒன் நெடுஞ்சாலை ஹோட்டலிலேயே தோசைக் கச்சேரியும் மாப்பிள்ளை அழைப்பும். விருந்துக்குப் போன 44 பேரும் திரும்பி வந்து அதில் கலந்துகொள்வார்கள். சிறிய விருந்து, பின்னால் பெரிய வரவேற்பு என்று பிரிப்பதை இப்போது அமெரிக்கக் குடும்பங்களும் செய்கிறார்கள். எங்களுக்கு அதில் ஜானவாசமும் அடங்கிவிட்டது. அழைப்பு என்ற பேச்சு வந்ததும்தான் அக்கா 118-ஐ விட்டாள்.

கடிகாரம்

ஒத்திகை நாலரைக்கு, முடிய ஒரு மணி நேரம். விருந்து ஆறு மணிக்கு என்றால் சர்ச்சிலிருந்து கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அது ஒரு முனை.

இன்னொரு முனை மறுநாள் காலை. சனிக்கிழமை ராகு காலம் ஒன்பது முதல் பத்தரை என்று நம் நாட்காட்டியில் இருப்பது, சூரியன் ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துக்கொண்ட கணக்கு. ஜூன் நடுவில் பிரின்ஸ்டனில் சூரியன் ஐந்தரைக்கே வந்து எட்டரைக்குத்தான் மறைகிறது. 15 மணி நேரப் பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு கிட்டத்தட்ட 1 மணி 52 நிமிடம். சனிக்கிழமைக்கு மூன்றாம் பங்கு, அதாவது 9:15-லிருந்து 11:07 வரை. வாத்தியார் முகூர்த்தத்தை ஏழரை முதல் ஒன்பதுக்குள் வைத்துவிட்டார். ஏழரைக்கு முகூர்த்தம் என்றால் பெண்ணுக்கு ஒப்பனை நாலு மணிக்கு ஆரம்பம். ஆகவே வெள்ளி ராத்திரி பத்து மணிக்கு எல்லோரும் படுக்கையில் இருந்தாக வேண்டும். அல்டூனாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபமாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி விருந்தைச் சீக்கிரம் முடிப்பது அவர்கள் பழக்கமும்கூட.

பார்த்ததும் விட்டதும்

எடிசன், ஐஸ்லின் பக்கம் ஓக் ட்ரீ ரோட்டைச் சுற்றியுள்ள இந்திய விருந்து மண்டபங்கள்தான் அக்காவின் முதல் ஆசை. சாப்பாடு நம்முடையது, தலைக்கு விலையும் குறைவு. ஆனால் பிரின்ஸ்டனிலிருந்து சுமார் 20 மைல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரூட் ஒன்னில் அந்த 20 மைலுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் கேட்பதற்கில்லை. மண்டபங்களும் 150 பேருக்குக் குறைந்தால் பேச்சையே எடுப்பதில்லை. தூரத்தோடு அது முடிந்தது.

மாப்பிள்ளையின் ஆசை லாம்பர்ட்வில். டெலவேர் ஆற்றங்கரை, பழைய கட்டடங்கள், தண்ணீரைப் பார்த்த மொட்டைத் தளத்தில் மேசைகள். ஜூனில் எட்டரை வரை வெளிச்சம் இருக்கும், படம் எடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அந்தத் தளத்துக்குக் கதவு கிடையாது. பக்கத்து மேசையில் வேறு கூட்டம். மழை வந்தால் என்ன ஏற்பாடு என்று கேட்டதற்கு, குடை இருக்கிறது என்றார்கள். நியூ ஜெர்சியில் ஜூன் சாயங்காலத்து இடிமழையைப் பார்த்தவர்கள் குடை என்று சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக் கொல்லையில் டென்ட் போடலாம் என்று அத்தான் சொன்னார். வாடகைக் கழிப்பறை, டவுன்ஷிப்பில் அனுமதி எல்லாவற்றையும்கூடச் சமாளிக்கலாம். அக்கா சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள் என்பதுதான் பிரச்சினை. அவள் மகனைப் பற்றி நாலு பேர் பேசுவதை அவளே கேட்காவிட்டால் இந்த ராத்திரி எதற்கு?

மிச்சமிருந்த போட்டி இரண்டுக்கு நடுவில். ஒன்று, ஊருக்கு நடுவில் மர வேலைப்பாடும் கணப்படுப்புமாக ஒரு ஸ்டேக் ஹவுஸின் தனி அறை. இன்னொன்று, ரூட் ஒன்னை ஒட்டிய ஒரு ஸ்ட்ரிப் மாலில், உலர்சலவைக் கடைக்கும் நாய்த்தீனிக் கடைக்கும் நடுவில் ஒரு துருக்கி உணவகத்தின் பின்னறை. காரை நிறுத்தியதும் அக்கா இறங்கவே இல்லை. "இதுலயாடா? சம்பந்தி என்ன நினைப்பாங்க?"

ஸ்டேக் ஹவுஸில் தனி அறை என்று அவர்கள் எழுதியிருந்தது கனமான ஒரு திரைச்சீலை. அந்தப் பக்கம் பார். இங்கே 'பிரைவேட்', 'செமி பிரைவேட்' என்ற வார்த்தைகளை நம்பிப் பிரயோஜனமில்லை. கதவு இருக்கிறதா, அது மூடுமா என்று நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதையும் செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தால் எல்லா அறையும் அமைதியாகத்தான் இருக்கும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவு, கூட்டம் நிறைந்த உணவகம் 80-ஐத் தொடுவது சகஜம். பெண்ணின் பாட்டி இரு காதிலும் கருவி வைத்திருப்பவர். அந்தக் கருவி பேச்சையும் பெருக்கும், தட்டுச் சத்தத்தையும் பெருக்கும். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபோது எதிரில் இருந்த என் மனைவி பேசியதே எனக்குக் கேட்கவில்லை.

அடுத்தது சைவம். 44 பேரில் 16 பேர் சைவம், அதில் பெரியம்மா முட்டையும் தொடமாட்டார். ஸ்டேக் ஹவுஸில் ஒரு பாஸ்தா, ஒரு ரிசோட்டோ, ஒரு சீசர் சாலட். ரிசோட்டோ கொதிப்பது கோழிச் சாறில். சாலட்டின் சாஸில் நெத்திலி. எல்லாவற்றின் மேலும் தூவுகிற பார்மிஜானோ, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனட் போட்டு உறையவைத்த சீஸ். சமையல்காரர் நல்ல மனுஷர், மூன்றையும் மாற்றித் தருகிறேன் என்றார். மாற்றிய பிறகு பெரியம்மா தட்டில் மிஞ்சப் போவது வெண்ணெயில் பிரட்டிய நூடுல்ஸ்.

துருக்கிக் கடையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பருப்பு சூப், ஹம்முஸ், சுட்ட கத்தரிக்காய், அரிசி அடைத்த திராட்சை இலை, எரிப்பான தக்காளி எஸ்மே, அடுப்பிலிருந்து நேராக வரும் ரொட்டி. அசைவக்காரர்களுக்கு ஆட்டுக்கறி கபாப். எல்லாம் பெரிய தட்டுகளில் மேசை நடுவில் வந்துவிடும், எடுத்து அடுத்தவருக்கு நகர்த்த வேண்டும். முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே பேச்சு தொடங்க அதுவே ஒரு வழி. பின்னறைக்குக் கனமான மரக்கதவு, தரையில் கம்பளம், வாசலில் படி இல்லை, வெளியே கார் நிறுத்த எத்தனை இடம் வேண்டுமானாலும் இருக்கிறது. நாற்காலி 48 போடலாம்; ப வடிவில் போட்டால் 44. அதே வெள்ளி, அதே ஏழு மணி, கதவைச் சாத்தி மனைவியை ஒரு கோடியில் நிற்கவைத்து மெனுவைச் சாதாரணக் குரலில் படிக்கச் சொன்னேன். மறு கோடியில் ஒவ்வொரு விலையும் காதில் விழுந்தது.

விலை

ஸ்டேக் ஹவுஸ் கேட்டது குறைந்தபட்சம் 5,500 டாலர். இந்த வார்த்தையில் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அது சாப்பாட்டுக்கும் மதுவுக்கும் மட்டும். அதன் மேல் 22 சதவீத சர்வீஸ், நியூ ஜெர்சி விற்பனை வரி 6.625 சதவீதம். கூட்டினால் 7,074. சாப்பிட்டது குறைவாக இருந்தாலும் அந்தக் குறைந்தபட்சத்தைக் கட்டியே ஆக வேண்டும்.

துருக்கிக் கடையில் தலைக்கு 58, மொத்தம் 2,552. இருபது சதவீத சர்வீஸ், வரி சேர்த்து 3,231. அவர்களிடம் மது உரிமம் இல்லை. நியூ ஜெர்சியில் உணவக மது உரிமம் 3,000 பேர் மக்கள்தொகைக்கு ஒன்று என்ற கணக்கில்தான் கிடைக்கும், கைமாறும் விலையும் எக்கச்சக்கம். அதனால்தான் இந்த மாநிலத்தில் நல்ல கடைகள் பலவற்றில் பாட்டிலை நாமே கொண்டுபோகலாம். அப்படி உரிமமில்லாத கடை, நாம் கொண்டுபோகும் பாட்டிலுக்குத் திறப்புக் கட்டணம் வாங்கவும் சட்டத்தில் இடமில்லை. 18 பாட்டில் வைன் 330 டாலரில் முடிந்தது. ஆனால் அனுமதி வைனுக்கும் பீருக்கும் மட்டும்தான். பெரியப்பா ட்யூட்டி ஃப்ரீயில் ஆசையாக வாங்கிவந்த விஸ்கி ஹோட்டல் அறையிலேயே தங்கிவிட்டது.

தோசைக்கு 90 பேர் கணக்கில் வரியோடு 1,730. ஹோட்டலின் காலைச் சிற்றுண்டி ஹாலை மழைக்கு ஒதுங்க வாடகைக்கு எடுத்தது 400. ஆக இரண்டு நிகழ்ச்சிக்கும் சேர்த்து 5,690 சொச்சம். தோசை சுட்டுத் தர வரும் வண்டியை வளாகத்துக்குள் விட ஹோட்டல் மேலாளர் இரண்டு தாள் கேட்டார்: வண்டிக்காரரின் இன்ஷூரன்ஸ் சான்று, டவுன்ஷிப் சுகாதார உரிமம். தோசை வண்டி பிடிப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே இந்த இரண்டையும் வாங்கிவிடுவது நல்லது.

துருக்கிக் கடை ஒப்பந்தத்தில் நான் கையால் எழுதிச் சேர்க்கச் சொன்னது ஒன்றே ஒன்று: அன்று ராத்திரி முன்ஹாலில் டிஜே, லைவ் மியூசிக் எதுவும் கூடாது. ஜூன் மாதம் இங்கே பள்ளிப் பட்டமளிப்புக் காலம், வெள்ளிக்கிழமை காலியாக இருக்கிற உணவகம் கிடையாது.

அன்றைக்கு

நினைத்தபடியே முன்ஹாலில் ஒரு பட்டமளிப்புக் கூட்டம். கதவைச் சாத்தினால் அவர்கள் கைதட்டுவது மட்டும் லேசாகக் கேட்டது.

ஒரு தோழனின் விமானம் நியூவார்க்கில் தாமதமாக இறங்கி, ஒத்திகை இருபது நிமிஷம் தள்ளிப்போனது. தட்டில் பரிமாறிச் சூடாகக் கொண்டுவரும் விருந்தாக இருந்திருந்தால் சமையல்காரர் கையைப் பிசைந்திருப்பார். இங்கே முதல் சுற்று முழுக்க ஆறிய பண்டங்கள் என்பதால், முன்னால் வந்தவர்கள் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இருக்கைச் சீட்டைக் குடும்பம் குடும்பமாகப் போடாமல் கலைத்துப் போட்டிருந்தோம். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பாவுக்குப் பக்கத்தில் பெண்ணின் தாத்தா. அவர் அல்டூனாவில் ரயில் எஞ்சின் பணிமனையில் இருந்தவர். அல்டூனா ஊரே பென்சில்வேனியா ரயில்ரோடு என்ற ரயில் கம்பெனி கட்டிய ஊர். இருவருக்கும் ஒருவர் பேசும் ஆங்கிலம் மற்றவருக்குப் பாதிதான் புரியும். பருப்பு சூப் கிண்ணத்தைச் சக்கரமாக வைத்து, கத்தியை அச்சாகப் படுக்கப்போட்டு, சக்கரத்தைச் சூடாக்கி அச்சில் ஏற்றுவார்களா, அழுத்தியே ஏற்றுவார்களா என்று பெரியப்பா கேட்டுக்கொண்டிருந்தார். தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு கிண்ணத்தை இழுத்தார். பேச்சுகள் ஆரம்பமாகிற நேரத்தில் அவர்களை நிறுத்தத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

ஒன்பது பேர் பேசினார்கள். பாட்டிக்கு எல்லாம் கேட்டது. தப்பான இடத்தில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அக்கா பேசுவதாக இல்லை. பெண்ணின் அப்பா முடித்ததும் தானாகவே எழுந்து தமிழில் மூன்று வாக்கியம் சொன்னாள், மாப்பிள்ளை மொழிபெயர்த்தான்.

குறைகளும் உண்டு. கதவைச் சாத்திய அறையில் 44 பேர் உட்கார்ந்தால் ஏசி போதவில்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் கதவைத் திறந்து வைத்தோம். சைவத் தட்டுகளை 16 பேர் கணக்கில் சொல்லியிருந்தோம், அசைவக்காரர்கள் கத்தரிக்காயையும் திராட்சை இலையையும் கண்டதும் விடவில்லை. இருபது நிமிஷத்தில் தீர்ந்து இரண்டாவது முறை வரக் காத்திருக்க வேண்டியதாயிற்று. எல்லோரும் பகிர்ந்து சாப்பிடும் விருந்தில் சைவத்தை மொத்தத் தலைக்கணக்கில் பாதிக்குக் குறையாமல் சொல்ல வேண்டும்.

எட்டேகாலுக்கு எழுந்தோம். மழை இல்லை. ஹோட்டல் வாசலில் ஸ்பீக்கரில் நாதஸ்வரம், நண்பன் ஒருவனின் கூரை திறந்த மஸ்டாங்கில் மாப்பிள்ளை. தோசைக் கல்லின் முன்னால் அல்டூனாக்காரர்கள் இரண்டாம் முறை வரிசையில் நின்றார்கள். ஒன்பதே முக்காலுக்கு மேலாளர் வெளியே வந்து பார்த்தபோது பாதிப் பேர் அறைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

சம்பந்தி என்ன நினைப்பாரோ என்ற அக்காவின் பயத்துக்கு மட்டும் விடை வேறு விதமாக வந்தது. பெண்ணின் அம்மாவுக்கும் அந்த ஸ்டேக் ஹவுஸ் தெரியுமாம். அங்கேதான் வைப்பார்கள், அதற்கு ஈடாகத் தன் ரிசப்ஷன் மெனுவை உயர்த்த வேண்டிவருமோ என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாராம்.

தீராதது ஒன்று இருக்கிறது. எடிசனில் இருக்கும், அத்தானுக்கு ஒன்றுவிட்ட தங்கை. வெளியூர் இல்லை என்பதால் அமெரிக்கப் பட்டியலிலும் வரவில்லை, மூத்தவர்கள் ஆறு பேரிலும் வரவில்லை. தோசைக்கு வந்தார், மாப்பிள்ளைக்கு ஆரத்தியும் எடுத்தார். "எங்களுக்கு ரோட்டுல தோசை, அவங்களுக்கு உள்ளே விருந்து" என்று பிறகு ஓர் இடத்தில் சொன்னதாகக் காதுக்கு வந்தது. அவர் வீட்டில் நாலு பேர். அவர்களைச் சேர்த்தால் அதே முறையில் இன்னும் இரண்டு குடும்பம் உண்டு. பட்டியலை இப்போது எடுத்துப் பார்த்தாலும் அந்த 44-ல் யாரை எடுத்துவிட்டு அவர்களைப் போட்டிருக்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை. தோழர்களின் காதலிகள் மூன்று பேரை எடுத்திருக்கலாமே என்கிறார் அத்தான். அதற்கு மாப்பிள்ளை ஒத்துக்கொண்டிருக்க மாட்டான்.